கிழங்குக் கப்பல் வருவதை எங்களுக்கும் சொல்லுங்கள்

இலங்கைச் சுங்கப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், வருடாந்தச் செயலாற்றுகை அறிக்கையைத் தொகுக்கும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

நான் நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையிலிருந்து எழுதுகிறேன். அம்மா இன்னும் மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். நானும் அண்ணனும் தோட்டத்து எல்லையில் அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி போடுகிறோம். லீக்ஸ், கோவா, கரட். அப்புறம் வருடத்துக்கு ஒரு போகம் உருளைக்கிழங்கு, கையில் காசு இருந்தால் இரண்டு போகம். கொழும்புத் துறைமுகத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆஸ்பத்திரி வேலையாகப் போனபோது பஸ் ஜன்னல் வழியாக. பெரிய பாரந்தூக்கிகளும், வீடு அடுக்கியது போல் அடுக்கிய கொள்கலன்களும் தெரிந்தன. எங்கள் அரை ஏக்கரின் கணக்கு அங்கேயும் எழுதப்படுகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

2025 ஆடி மாதம் எங்கள் கிழங்கைக் கிண்டினோம். கிரனோலா இனம். பங்குனி கடைசியில் நட்டது. அரை ஏக்கருக்கு விதைக்கிழங்கு மட்டும் ஒன்பது, பத்து அந்தர் (ஓர் அந்தர் ஏறக்குறைய ஐம்பது கிலோ) போகும். செலவில் பெரும்பகுதியை விதையே தின்றுவிடும், மிச்சத்தை உரமும் மருந்தும் எடுத்துக்கொள்ளும். பனியும் தூறலும் சேர்ந்து நான்கு நாள் நின்றால் இலை கருகிவிடும். அந்த நான்கு நாளும் அண்ணன் முதுகில் மருந்துத் தாங்கியோடு தான் இருந்தார். எப்படியோ பயிர் தப்பியது. மூட்டை கட்டி லொறியில் ஏற்றி மொத்த வியாபாரியிடம் கொண்டுபோனோம். முந்திய கிழமை சொன்ன விலையிலிருந்து கிலோவுக்கு அறுபது ரூபாய் குறைத்துச் சொன்னார். ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, "கப்பல் கிழங்கு இறங்கிடுச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான் பதில்.

அவருடைய கடைக்குப் பின்னால் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். இரண்டு பையன்கள் தரையில் தார்ப்பாயை விரித்து, வெள்ளை வலைப் பைகளிலிருந்து கிழங்கைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குவியல் மண். எங்கள் மண்தான், நிறத்தைப் பார்த்தாலே தெரியும். கிழங்கின் மேல் இலேசாகத் தண்ணீர் தெளித்து, மண்ணைத் தூவி, சாக்கைப் பிடித்துப் புரட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் அது நுவரெலியாக் கிழங்காகிவிட்டது. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பெருவிரல் நகத்தால் தேய்த்துப் பார்த்தேன். புதிதாகக் கிண்டிய கிழங்கின் தோல் நகம் பட்டால் சுருண்டு வரும். இது வரவில்லை. குளிரறையில் கிடந்து தோல் இறுகிப்போயிருந்தது. எங்கள் கிழங்கில் மண் முளைக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், கழுவினாலும் கொஞ்சம் நிற்கும். இதில் மேலே மட்டும் பூச்சு. கண்ணுக்குள் சுத்தமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கிழங்கில் மண் ஒட்டியிருக்கக் கூடாது என்பது தாவரத் தொற்றுத்தடுப்பு விதி. துறைமுகத்தில் மண்ணில்லாமல் இறங்கிய கிழங்குக்கு இங்கே எங்கள் மண்ணைப் பூசுகிறார்கள். இப்படி நடக்கிறது என்று பல வருடமாகப் பத்திரிகைகளிலும் செய்தி வருகிறது. அன்றைக்குத்தான் நான் கண்ணால் கண்டேன்.

நாங்கள் விற்று முடித்த பிறகு, 2025 ஆகஸ்ட் 26 முதல், இறக்குமதி உருளைக்கிழங்கின் மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற வரி கிலோவுக்கு 60 ரூபாயிலிருந்து 80 ரூபாயாக உயர்ந்தது. பெரிய வெங்காயத்துக்கு 10 ரூபாயாக இருந்தது 50 ஆனது. வெலிமடைப் பக்கத்தில் நெல் வெட்டிய வயலில் கிழங்கு போட்டு ஆவணி, புரட்டாசியில் எடுக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கைகொடுத்திருக்கும். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. எங்கள் மூட்டைகள் அதற்கு முன்பே போய்விட்டன.

இந்த வரியை நீங்கள் தீர்மானிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிதியமைச்சர் வர்த்தமானியில் கட்டளை போடுகிறார், நீங்கள் அறவிடுகிறீர்கள். பருப்பு, சீனி, வெங்காயம், கிழங்கு, நெத்தலிக் கருவாடு என்று சமையலறைச் சாமான் பலவற்றுக்கும் தனித்தனி வரிகளுக்குப் பதிலாக ஒரே அறவீடு. கூட்டுவதும் குறைப்பதும் அரசாங்கத்தின் வேலை. அதைப் பற்றிக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம். உங்களிடம் கேட்பது வேறு. எண்ணி, நிறுத்து, பதிவு செய்கிறவர்கள் நீங்கள். அந்த எண்ணை, அது எங்களுக்குப் பயன்படும் காலத்திலேயே, எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு கொள்கலனில் 25 தொன் கிழங்கு வருகிறது என்று வைப்போம். கிலோவுக்கு 60 ரூபாய் என்றால் அறவீடு 15 இலட்சம். 80 ரூபாய் என்றால் 20 இலட்சம். வர்த்தமானி வருவதற்கு முன்னால் விடுவித்தவருக்கும் பின்னால் விடுவித்தவருக்கும் இடையில் ஒரு கொள்கலனுக்கு ஐந்து இலட்ச ரூபாய் வித்தியாசம். 2025 இல் தோட்டத்து நாட்கூலி 1,350 ரூபாய். அந்தக் கூலியில் ஐந்து இலட்சத்தைச் சம்பாதிக்க எங்கள் அம்மா 370 நாள் பேர் போட, அதாவது வேலைக்குப் போக வேண்டும். பத்துக் கொள்கலன் வைத்திருப்பவர் தன் சரக்கு எங்கே நிற்கிறது, எப்போது இறங்கும், வரி எப்போது மாறலாம் என்று தினமும் விசாரிப்பார். அது அவருடைய தொழில், பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கிழங்கால் விலை விழப்போகிறவர்களுக்கு அந்தச் செய்தி மொத்த வியாபாரியின் வாயிலிருந்துதான் வருகிறது. விலையைக் குறைக்க நினைக்கிறவர் சொல்கிற கப்பல் உண்மையிலேயே வந்ததா, எத்தனை தொன் வந்தது என்று நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது? வராத கப்பலைச் சொல்லிக்கூட எங்கள் விலையைக் குறைக்கலாம். குறைத்திருக்கிறார்களா என்று சொல்லக்கூட எங்களிடம் ஒரு எண் இல்லை.

உங்களிடம் இருக்கிறது. இறக்குமதியாளர் கொடுக்கும் பிரகடனம் எல்லாம் கணினியில்தான் போடப்படுகிறது. பொருட்களுக்கான குறியீட்டில் உருளைக்கிழங்குக்கு 07.01 என்று தனித் தலைப்பே உண்டு. விதைக்கிழங்கு 0701.10, சாப்பாட்டுக் கிழங்கு 0701.90. பாகிஸ்தானிலிருந்து எவ்வளவு, இந்தியாவிலிருந்து எவ்வளவு, எந்தத் திகதியில், எத்தனை கிலோ, எவ்வளவு அறவிட்டீர்கள் என்பது அன்றன்றைக்கே பதிவாகிறது. இதற்காகப் புதிதாக ஆள் எடுக்கவோ இயந்திரம் வாங்கவோ தேவையில்லை.

உங்கள் ஆண்டறிக்கைகளைப் போனில் இறக்கிப் படித்திருக்கிறேன். ஒரே இருப்பில் முடியவில்லை, மழை நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக. பாராளுமன்றத்தில் வைக்கிற அறிக்கை மூன்று மொழியிலும் வருவது நல்ல விஷயம். வருமானப் பகுதியில் இறக்குமதித் தீர்வை, பெறுமதி சேர் வரி, செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, அப்புறம் விசேட வியாபாரப் பண்ட அறவீடு. நான் படித்த அளவில் அந்தக் கடைசிப் பெயருக்கு நேரே ஒரு தொகை. அந்த ஒரு தொகைக்குள்தான் நாட்டின் பருப்பும் சீனியும் வெங்காயமும் எங்கள் கிழங்கின் தலையெழுத்தும் சேர்ந்து கிடக்கின்றன. எந்த மாதத்தில் எவ்வளவு கிழங்கு என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 2024 இல் சுங்க வருமானம் 1,500 பில்லியன் ரூபாயைத் தாண்டியது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததோடு அது இன்னும் ஏறியது. திணைக்களத்துக்கு அது பெருமைதான். இலக்கை எட்டியதா, தாண்டியதா என்பதைச் சுற்றியே அறிக்கை எழுதப்படுவதும் விளங்குகிறது. ஆனால் மலையிலிருந்து படிக்கும்போது வேறு கேள்வி வருகிறது. ஆடி மாதம் கிழங்கிலிருந்து வருமானம் கூடியிருக்கிறது என்றால், அதே மாதம் கந்தப்பளையிலும் ராகலையிலும் யாரோ நட்டத்துக்கு விற்றிருக்கிறார்கள். இரண்டும் ஒரே செய்தி. அறிக்கையில் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது.

துறைமுகத்தில் நடப்பது மலையை ஆட்டுவது இன்றைக்கு நேற்றுத் தொடங்கியதில்லை. நீங்கள் இன்றும் கையாளும் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கம். அதே 1869 இல்தான் இந்த மலைகளில் கோப்பி இலையில் துருநோய் முதலில் கண்டது. கோப்பியை ஏற்றுவதற்காகவே கண்டிக்கு ரயில் வந்து அப்போது இரண்டு வருடம்தான். கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது, நானுஓயாவுக்கு 1885 இல் ரயில் வந்தது, எல்லாமே கீழே துறைமுகத்தைப் பார்த்துத்தான் இறங்கின. கிழங்குக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1967 இல் சாப்பாட்டுக் கிழங்கின் இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் நுவரெலியாவிலும் ஊவாவிலும் கிழங்கு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1996 இல் கதவைத் திறந்தார்கள். அடுத்த சில வருடத்தில் பயிர்ச்செய்கை படுத்துவிட்டது. அந்த நேரத்தில் நகையை அடகு வைத்து விதை வாங்கியவர்களின் பிள்ளைகள்தான் இப்போது என் வயதில் இருக்கிறோம். அப்பா ஒரு போகத்தோடு கிழங்கை விட்டுவிட்டு மறுபடி தோட்டத்தில் பேர் கொடுத்தார்.

2021 ஐயும் சொல்லாமல் விட முடியாது. மே மாதம் இரசாயன உரம் இறங்கக் கூடாது என்று வர்த்தமானி வந்தது. நவம்பரில் விட்டுக்கொடுத்தார்கள். அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. எங்கள் கிழங்கு அந்த வருடம் எலுமிச்சங்காய் அளவுக்குத்தான் திரண்டது. தேயிலையில் அதன் அடி அடுத்த வருடம் தெரிந்தது. 2021 இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி 2022 இல் 251 மில்லியன் அளவுக்கு இறங்கியது. அம்மாவுக்கு அது கிலோக் கணக்கு. நிறை எட்டவில்லை என்று அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், விழுந்த நாட்கள். உர இறக்குமதி மாதத்துக்கு மாதம் எப்படி விழுகிறது என்று ஒரு சின்ன அட்டவணை அப்போது எங்கள் ஊர் கமநல சேவை நிலையத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், கிழங்குக்கு வைத்திருந்த காசை வேறு பயிரில் போட்டிருப்போம். போஞ்சி போட்டிருக்கலாம், அது இவ்வளவு உரம் கேட்காது.

சரி, நான் கேட்பது இதுதான். கிழமைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு பக்கம். அந்தக் கிழமை சுங்கம் விடுவித்த உருளைக்கிழங்கு எத்தனை தொன், எந்த நாட்டிலிருந்து, அன்றைய அறவீடு எவ்வளவு. பெரிய வெங்காயத்துக்கும் அதே. மிளகாய், பருப்பு பயிரிடுகிற மாவட்டங்கள் கேட்டால் அவற்றையும் சேருங்கள். இறக்குமதியாளர் பெயர் எங்களுக்கு வேண்டாம், அது அவருடைய வியாபார இரகசியம் என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம். எடையும் திகதியும் போதும். தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் எங்கள் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் சிங்களக் குடும்பத்துக்கும் இதே கதைதான். அவர்களும் நாங்களும் ஒரே லொறியில்தான் மூட்டை அனுப்புகிறோம்.

வருட முடிவில் அந்த ஐம்பத்திரண்டு பக்கத்தையும் மாத வாரியாகச் சுருக்கி ஆண்டறிக்கையில் ஒரு அட்டவணையாகப் போடுங்கள். அறவீடு மாறிய ஒவ்வொரு திகதியையும் அதற்குப் பக்கத்திலேயே குறியுங்கள். மாறுவதற்கு முந்திய இரண்டு கிழமையில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, பிந்திய இரண்டு கிழமையில் எவ்வளவு என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். பாராளுமன்றத்தில் வரியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் அது உதவும். அறுவடைக்கு முன் உயர்த்தினார்களா பின் உயர்த்தினார்களா என்று வாதாடத் தேவையிருக்காது, பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே, அதில் விண்ணப்பிக்கலாமே என்று கேட்கலாம். 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் விண்ணப்பம் எழுதி, தபாலில் போட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற நாட்களில் கிழங்கு மண்ணுக்குள் நிற்காது. கிண்டும் பருவம் வந்தால் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு கிழமை தள்ளலாம். அதற்கு மேல் மழைத்தண்ணீர் நின்று அழுகும். இந்த எண்ணை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதாக வைக்காதீர்கள்.

வீட்டில் இதைப் பற்றிப் பேசியபோது அம்மா ஒன்று சொன்னார். "கப்பல் கிழங்கு வரலேன்னா லயத்துல யாரு கிழங்கு திங்கிறது?" என்றார். அவர் சொல்வது உண்மை. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கிழங்குக் கறி வைக்கவும் கணக்குப் பார்க்கிற வீடுகள்தான் எங்கள் தோட்டத்து லய வரிசையில். கிழங்கு விலை ஏறினால் முதலில் அவர்கள்தான் விடுவார்கள். அதனால் இறக்குமதியை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. நாட்டுக்குத் தேவையான அளவை இங்கே விளைவிக்க எங்களால் முடியாது, வரத்தான் வேண்டும். எப்போது, எவ்வளவு என்று தெரிந்தால் நாங்கள் நடுவதையும் கிண்டுவதையும் கொஞ்சம் முன்பின்னாக மாற்றிக்கொள்வோம். பாதி நிலத்தில் கரட் போடுவோம். ஒரு கிழமை பொறுத்து விற்போம். அம்மாவுக்கும் கறிக்குக் கிழங்கு கிடைக்கும்.

2025 ஜனவரியில் பரிசோதிக்காமல் விடுவிக்கப்பட்ட 323 கொள்கலன்களைப் பற்றி நாடே மாதக்கணக்காகப் பேசியது. எங்கள் தேநீர்க் கடையிலும் பேசினார்கள். உள்ளே என்ன இருந்தது என்று ஆளுக்கொரு கதை. துறைமுகத்தைப் பற்றி எங்களுக்குக் கேட்பதெல்லாம் இப்படி ஏதாவது ஒன்று வெடித்த பிறகு வருகிற கதைதான். வெயிலிலும் இரவிலும் நின்று பெட்டி பெட்டியாகப் பார்க்கிற உங்கள் உத்தியோகத்தர்களின் அன்றாட வேலை எங்கள் கண்ணுக்கு வருவதே இல்லை. கிழமைக்கு ஒரு பக்கம் வந்தால் அதுவும் தெரியும். எண்ணுகிறார்கள், சரியாக எண்ணுகிறார்கள் என்று ஊர் பேசும்.

புரட்டாசி பிறந்துவிட்டது. அண்ணன் நேற்று நிலத்தைக் கொத்தி முடித்துவிட்டார். விதைக்கிழங்குக்குச் சொல்லியிருக்கிறோம், இன்னும் மூன்று கிழமையில் வரும் என்கிறார்கள். இந்தத் தடவை பத்து அந்தர் எடுப்பதா, ஐந்தோடு நிறுத்துவதா என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போது நட்டால் மார்கழி கடைசி அல்லது தை பிறக்கும்போது கிண்ட வேண்டும், மூன்று மூன்றரை மாதம். அந்த நேரத்தில் எவ்வளவு இறங்கும் என்று உங்களாலும் இப்போது சொல்ல முடியாது. ஆனால் போன மார்கழியிலும் தையிலும் கிழமைக்குக் கிழமை எவ்வளவு இறங்கியது, அதற்கு முந்திய வருடம் எவ்வளவு என்று சொல்லலாம். அந்தப் பழைய கணக்கை முதலில் வெளியிடுங்கள். புதியதை இனி வரும் திங்கட்கிழமைகளில் ஆரம்பியுங்கள்.

கந்தப்பளை பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது. கடைக்கார அண்ணன் தினமும் காலையில் லீக்ஸ், கோவா, கரட், கிழங்கு விலையைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பார். லொறிக்காரர்கள் போனில் சொல்கிற விலை அது. கிழங்கு விலைக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நீங்கள் அனுப்பினால் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கந்தப்பளையிலிருந்து ஒரு கிழங்குப் பயிர்க்காரி